தன்னைத் தானே சுட்டும் வகை: செல்ஃப் டைப்பும் சார்ந்த வகையும் – முழுமையான வழிகாட்டி

நிரல்மொழிகளைப் பற்றிப் படிப்பவர்கள் ‘செல்ஃப் டைப்’ என்ற பெயரை மூன்று வெவ்வேறு வாசல்களில் எதிர்கொள்வார்கள். பைத்தான் 3.11 பதிப்பில், 2022-இல் வந்தது ஒன்று. ஸ்காலா மொழியில் டிரெய்ட்டின் (கிளாஸ்களில் கலந்து பயன்படுத்தும் மெத்தட் தொகுப்பின்) முதல் வரியில் எழுதப்படுவது இன்னொன்று. வகைக் கோட்பாட்டுக் (டைப் தியரி) கட்டுரைகளில் அயோட்டா என்ற கிரேக்க எழுத்தைத் தலையில் சுமந்து வருவது மூன்றாவது. ஸ்காலாவில் பழகிய தைரியத்தில் நான் மூன்றாவதைப் படிக்கப் போனேன். பத்துப் பக்கம் தாண்டிய பிறகுதான், இது வேறு வீட்டு விலாசம் என்று உறைத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பைத்தானுடையதை இங்கேயே அனுப்பிவிடலாம். ஒரு மெத்தட் எந்தக் கிளாஸின் பொருள்மீது அழைக்கப்பட்டதோ, அதே கிளாஸின் பொருளைத் திருப்பித் தரும் என்று சொல்வதற்கான சுருக்கெழுத்து அது. பயனுள்ளது, ஆனால் நம் கதையில் அதற்கு வேலை இல்லை.

சொற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளிக் கணிதத்தில் ‘சார்பு’ என்றால் உள்ளீட்டை வெளியீட்டுக்கு அனுப்பும் ஃபங்ஷன். ஆகவே ‘சார்பு வகை’ என்று எழுதினால் ஃபங்ஷனின் வகை என்று படிக்க இடமிருக்கிறது. ஒரு மதிப்பைச் சார்ந்து மாறும் வகையை இங்கே ‘சார்ந்த வகை’ என்றே எழுதுகிறேன். நிரல் துண்டுகளில் பெயர்களையும் குறிச்சொற்களையும் தமிழில் தந்திருக்கிறேன்; படிப்பதற்காக எழுதியவை, அப்படியே ஒட்டி ஓட்டுவதற்கு அல்ல. (அக்டா மொழி தமிழ்ப் பெயர்களை மறுக்காமல் ஏற்கும் என்பது உபரித் தகவல்.)

1. ஸ்காலாவின் செல்ஃப் டைப் ஒரு நிபந்தனை

பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருக்கைகளைக் கணக்கு வைப்பது ஒரு பகுதி, பதிவு செய்வது மற்றொன்று.

டிரெய்ட் இருக்கைக்கணக்கு {
  மீதம்(பஸ்: முழுஎண்): முழுஎண்
}

டிரெய்ட் முன்பதிவு {
  நான்: இருக்கைக்கணக்கு =>
  இயலுமா(பஸ்: முழுஎண்): பூலியன் = மீதம்(பஸ்) > 0
}

‘நான்: இருக்கைக்கணக்கு =>’ என்ற வரிதான் செல்ஃப் டைப். முன்பதிவு, இருக்கைக்கணக்கிடமிருந்து மரபுரிமை (இன்ஹெரிட்டன்ஸ்) பெறவில்லை. ஆனாலும் அதன் உடலுக்குள் ‘மீதம்’ என்று கூசாமல் அழைக்கிறது. காரணம், “என்னைக் கலந்து எவர் ஒரு முழுக் கிளாஸ் செய்தாலும் இருக்கைக்கணக்கையும் சேர்த்தே கலக்க வேண்டும்” என்று அந்த வரி முன்கூட்டியே நிபந்தனை போட்டுவிட்டது. யாராவது மறந்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

மரபுரிமையிலிருந்து இது இரண்டு இடங்களில் பிரிகிறது. வெளியே நின்று ஒரு முன்பதிவுப் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதன்மேல் ‘மீதம்’ என்று அழைக்க முடியாது. நிபந்தனை உள்வீட்டு விவகாரம். இரண்டாவதாக, இரண்டு டிரெய்ட்டுகள் ஒன்றையொன்று இப்படிக் கோரலாம். மரபுரிமையில் அதைச் செய்தால் சுழல் என்று பிழை வரும். பெரிய நிரல்களைத் துண்டுகளாகப் பிரித்துப் பின்னர் கோக்கும் இந்த உத்தியை ஸ்காலாவை உருவாக்கிய மார்ட்டின் ஓடர்ஸ்கியும் மத்தியாஸ் ஸெங்கரும் 2005-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார்கள். ‘கேக்’ அமைப்பு என்று பின்னால் பிரபலமானது அதன் வழிவந்ததே. அளவுக்கு மீறி அடுக்கினால் எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று தேடிக் களைத்துப்போவோம்.

இதில் சார்ந்த வகை எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ‘நான்’ என்பதற்கு ஒரு வகை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வகைக்குள் ‘நான்’ என்ற பெயர் தலைகாட்டவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் இதே இடத்துக்குத் திரும்பி வருவோம்.

2. பாதை சார்ந்த வகை: பாதி வழி

ஸ்காலாவில் சார்ந்த வகைக்கு அருகில் இருப்பது வேறொரு வசதி. பெட்டகம் என்ற கிளாஸுக்குள் சாவி என்ற கிளாஸ் இருக்கட்டும். வடபெட்டகம், தென்பெட்டகம் என இரண்டு பொருள்களை உருவாக்கினால், ‘வடபெட்டகம்.சாவி’யும் ‘தென்பெட்டகம்.சாவி’யும் வெவ்வேறு வகைகள். வடக்கின் சாவியைத் தெற்கில் நுழைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் தடுக்கும்.

வகையின் பெயருக்குள்ளேயே ஒரு மதிப்பு புகுந்துவிட்டது. ஆனால் எந்த மதிப்பும் புகலாம் என்றில்லை. மாறாத பெயர்களைப் புள்ளி வைத்துக் கோத்த பாதை மட்டுமே வரலாம். ‘இரண்டு பட்டியல்களை ஒட்டினால் நீளம் கூட்டுத்தொகைக்குச் சமம்’ என்பதைப் பாதையால் சொல்ல முடியாது. அதற்கு வகைக்குள் கணக்கு ஓட வேண்டும்.

3. சார்ந்த வகை

கணக்கு ஓடுவது இங்கேதான். ‘பட்டியல் ந’ என்பது சரியாக ந உறுப்புகள் கொண்ட பட்டியல்களின் வகை என்று வைத்துக்கொண்டால்,

பூச்சியங்கள் : (ந : இயல்எண்) → பட்டியல் ந
ஒட்டு : (ந ம : இயல்எண்) → பட்டியல் ந → பட்டியல் ம → பட்டியல் (ந + ம)

முதல் வரியைப் பாருங்கள். 5 கொடுத்தால் ‘பட்டியல் 5’ கிடைக்கும். 7 கொடுத்தால் ‘பட்டியல் 7’. உள்ளீட்டின் வகை நிலையானது. வெளியீட்டின் வகை உள்ளீட்டின் மதிப்பைப் பொறுத்தது. ஸ்வீடன் தர்க்கவியலாளர் பேர் மார்ட்டின்-லோஃப் 1970-களில் வகுத்த கோட்பாட்டின் உயிர்நாடி இதுவே. அக்டா, லீன், 2025-இல் ராக் என்று பெயர் மாறிய காக் ஆகிய நிரூபணச் சரிபார்ப்பு மொழிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வகையைக் கூற்றாகவும் அதன் மதிப்பை நிரூபணமாகவும் படித்தால், ‘(ந : இயல்எண்) → பண்பு ந’ என்பது ‘எல்லா இயல் எண்களுக்கும் இந்தப் பண்பு உண்டு’ என்ற கூற்றாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது திசை. வகை எதைச் சார்ந்திருக்கிறதோ அந்த ‘ந’ வெளியிலிருந்து வருகிறது. ஃபங்ஷன் தன் உள்ளீட்டைப் பார்த்து வகையை மாற்றிக்கொள்கிறது. தன்னைப் பார்த்து அல்ல. தன் முதுகு தனக்குத் தெரியாது என்ற பழமொழி இதற்கு அப்படியே பொருந்தும்.

4. முதுகு தெரியாததால் வந்த சிக்கல்

அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதத்தில் ஃபங்ஷனைத் தவிர வேறு பொருளே இல்லை. எண்ணும் ஃபங்ஷன்தான்: ‘மூன்று’ என்றால் ஒரு செயலை மூன்று முறை செய்வது. (‘↦’ குறியின் இடப்பக்கம் உள்ளீடுகள், வலப்பக்கம் விடை.)

எண் = (ப : வகை) → (ப → ப) → ப → ப
மூன்று = (ப, படி, அடி) ↦ படி (படி (படி அடி))

கூட்டல், பெருக்கல் எல்லாம் இதில் எளிது. ஒன்றைக் கழிப்பதுதான் சர்ச்சின் மாணவர் ஸ்டீபன் கிளீனியைத் திணறடித்தது. ஞானப்பல் பிடுங்கப் பல் மருத்துவரிடம் போன நேரத்தில் விடை தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் கண்ட வழியும் ஒன்றைக் கழிக்க எண்ணின் முழு நீளத்தையும் நடந்து முடிப்பதாகவே இருந்தது.

இதைவிட ஆழமான குறை நிரூபணத்தில் இருக்கிறது. எண்ணைவிடச் சிறிய பூலியனில் அதைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

பூலியன் = (ப : வகை) → ப → ப → ப
மெய் = (ப, அ, ஆ) ↦ அ
பொய் = (ப, அ, ஆ) ↦ ஆ
மறுப்பு ம = ம பூலியன் பொய் மெய்

இரண்டு முறை மறுத்தால் பழைய மதிப்பே வரும் என்று நிரூபிக்க ஆசைப்படுகிறோம்: எந்த ம-வுக்கும் ‘மறுப்பு (மறுப்பு ம) = ம’. மெய்யாக இருந்தால் காட்ட வேண்டியது ‘மெய் = மெய்’. பொய்யாக இருந்தால் ‘பொய் = பொய்’. இரண்டும் அற்பமானவை. ஆனால் ம-வை அழைத்துத்தான் கிளை பிரிக்க முடியும். அதன் வகையோ இரண்டு கிளைகளும் ஒரே ‘ப’வில் இருக்க வேண்டும் என்கிறது. ‘மெய் = மெய்’, ‘பொய் = பொய்’ என்பவை இரண்டு வேறு வகைகள். ஒரே குடத்தில் இரண்டையும் ஊற்ற வழியில்லை.

குடத்தை மாற்றிப் பார்ப்போம். ‘ப’வை ஒற்றை வகையாக வைக்காமல் பூலியனைச் சார்ந்த வகையாக வைத்தால்?

(பண்பு : பூலியன் → வகை) → பண்பு மெய் → பண்பு பொய் → பண்பு ?

கேள்விக்குறியில் எதை எழுதுவது? மெய்யின் வகைக்கு அங்கே ‘மெய்’ வர வேண்டும். பொய்யின் வகைக்கு ‘பொய்’. அதாவது, எந்த மதிப்புக்கு இந்த வகையைக் கொடுக்கிறோமோ அந்த மதிப்பே அங்கே உட்கார வேண்டும். அதைக் குறிக்கச் சார்ந்த ஃபங்ஷன் வகையில் பெயர் கிடையாது. பண்புக்குப் பெயர் உண்டு, இரண்டு கிளைகளுக்கும் பெயர் கொடுக்கலாம், ‘எனக்கு’ மட்டும் பெயர் இல்லை.

இது நம் சாமர்த்தியக் குறைவு அல்ல. இயல் எண்களுக்கான தொகுத்தறிதலை (பூச்சியத்துக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்றால் எல்லா எண்ணுக்கும் உண்மை என்ற விதியை) இரண்டாம் படிச் சார்ந்த வகைக் கோட்பாட்டில் வருவிக்கவே முடியாது என்று ஹெர்மன் கெவர்ஸ் 2001-இல் நிரூபித்தார். காக்கின் தொடக்கக் கோட்பாட்டில் எல்லாத் தரவையும் ஃபங்ஷன்களாலேயே எழுத முயன்றார்கள். இத்தகைய குறைகளால், 1980-களின் இறுதியில் தியரி கோக்கானும் கிறிஸ்டின் போலானும் தொகுமுறை வகைகளை (மதிப்புகளை உருவாக்கும் வழிகளைப் பட்டியலிட்டு வரையறுக்கும் வகைகளை) கோட்பாட்டின் அடித்தளத்திலேயே தனிப் பொருளாகச் சேர்த்தார்கள். இன்று லீனிலோ அக்டாவிலோ எண்ணை வரையறுத்த கணமே தொகுத்தறிதல் இலவசமாகக் கிடைப்பது அந்த முடிவின் பயன். அது வேலை செய்கிறது. ஆனால் மொழியின் கருவில் நிறைய விதிகள் குடியேறின.

5. ‘தான்’ என்று ஒரு சொல்

2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் பெங் ஃபூவும் ஆரன் ஸ்டம்பும் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். குறை பெயர் இல்லாததுதானே, பெயரைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். அவர்கள் அயோட்டா எழுத்தால் குறித்ததை நான் ‘தான்’ என்று எழுதுகிறேன். தமிழில் எழுவாயையே திரும்பச் சுட்டும் சொல் அதுதான் என்பதால் இதைவிடப் பொருத்தமான குறி எனக்குக் கிடைக்கவில்லை.

‘தான் ம . வ’ என்று எழுதினால், வ என்ற வகைக்குள் ம என்பது இந்த வகையைப் பெறும் மதிப்பையே குறிக்கும். இதற்கு இரண்டே விதிகள்.

மடித்தல்: வ-வுக்குள் ம வரும் இடமெல்லாம் க-வை வைத்தால் கிடைக்கும் வகை க-வுக்கு உண்டென்றால், க : தான் ம . வ
விரித்தல்: க : தான் ம . வ என்றால், வ-வுக்குள் ம வரும் இடமெல்லாம் க-வை வைத்தால் கிடைக்கும் வகையும் க-வுக்கு உண்டு

இப்போது கேள்விக்குறியை நிரப்பலாம்.

பூலியன் = தான் ம . (பண்பு : பூலியன் → வகை) → பண்பு மெய் → பண்பு பொய் → பண்பு ம

மெய், பொய் இரண்டின் வரையறையிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மெய்யைச் சரிபார்ப்போம். மடித்தல் விதிப்படி ம-வின் இடத்தில் மெய்யை வைத்தால், காட்ட வேண்டிய வகையின் கடைசித் துண்டு ‘பண்பு மெய்’. மெய் திருப்பித் தருவது ‘அ’. அதன் வகை ‘பண்பு மெய்’. பொருந்திவிட்டது. பொய்யும் அப்படியே.

முன்பு மாட்டிக்கொண்ட நிரூபணம் ஒரே வரியில் முடிகிறது:

இருமறுப்பு ம = ம (க ↦ மறுப்பு (மறுப்பு க) = க) தன்சமம் தன்சமம்

‘தன்சமம்’ என்பது எதுவும் தனக்குத்தானே சமம் என்பதன் நிரூபணம். ம-வை விரிக்கிறோம்; பண்பாக நாம் விரும்பிய சமன்பாட்டைத் தருகிறோம்; முதல் கிளையில் ‘மெய் = மெய்’, இரண்டாவதில் ‘பொய் = பொய்’. கடைசியில் கிடைப்பது ‘மறுப்பு (மறுப்பு ம) = ம’. பூலியன் மதிப்பே தன்னைப் பற்றிய நிரூபணத்தை நடத்தி முடித்திருக்கிறது. முதல்முறை இதைத் தாளில் எழுதிச் சரிபார்த்தபோது, எங்கோ ஏமாற்று நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுபடி எழுதியும் அதே விடை.

எண்ணுக்கும் இதே செய்முறை. சற்று நீளம், அவ்வளவே.

இயல்எண் = தான் ந . (பண்பு : இயல்எண் → வகை) → ((க : இயல்எண்) → பண்பு க → பண்பு (அடுத்தது க)) → பண்பு பூச்சியம் → பண்பு ந
பூச்சியம் = (பண்பு, படி, அடி) ↦ அடி
அடுத்தது க = (பண்பு, படி, அடி) ↦ படி க (க பண்பு படி அடி)

அடுத்தது என்பதை மெதுவாகப் படியுங்கள். க ஓர் இயல்எண். அதை விரித்து ‘க பண்பு படி அடி’ என்று அழைத்தால் கிடைப்பது ‘பண்பு க’. அதைப் படியிடம் கொடுத்தால் ‘பண்பு (அடுத்தது க)’. அந்த வரியின் வலப்பக்கத்தில் உள்ள ஃபங்ஷனும் ‘அடுத்தது க’ என்பதும் வரையறைப்படி ஒன்றே. ஆகவே மடிக்கலாம். பிறகு தொகுத்தறிதல் என்பது

தொகுத்தறிதல் பண்பு படி அடி ந = ந பண்பு படி அடி

எண்ணை அழைப்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. பள்ளியில் தனி விதியாக மனப்பாடம் செய்த கணிதத் தொகுத்தறிதல், இங்கே ‘எண் என்றால் என்ன’ என்பதற்குள்ளேயே கரைந்துபோகிறது.

மேலே படிக்கு ‘க’வையும் கொடுத்திருப்பதால் இது மிஷெல் பாரிகோ பாணி எண். கிளீனியைத் திணறடித்த கழித்தல் இதில் எண்ணின் நீளம் முழுவதும் நடக்காமலே முடிந்துவிடும்: படியிடம் வரும் க-வை எடுத்துக்கொண்டால் போதும். பதிலுக்கு எண்ணின் உடலில் முந்தைய எண் இரண்டு முறை வருகிறது. பகிர்ந்து சேமிக்காவிட்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் அளவு இரட்டிக்கும்.

6. இதற்கு என்ன விலை

வரையறையை மறுபடி பாருங்கள்: இயல்எண் என்பதற்குள் இயல்எண்ணும் பூச்சியமும் அடுத்ததும் வருகின்றன. வகை மதிப்பைக் குறிப்பிடுகிறது, மதிப்பு வகையைக் குறிப்பிடுகிறது. ஆகவே ‘தான்’ மட்டும் போதாது. தற்சுழற்சி வரையறைகளையும் அனுமதிக்க வேண்டும். அதைக் கட்டுப்பாடின்றி அனுமதித்தால் முடிவில்லாமல் சுழலும் நிரல் எந்தக் கூற்றுக்கும் நிரூபணமாக நின்றுவிடும். தர்க்கம் குப்பைக்குப் போகும்.

ஃபூவும் ஸ்டம்பும் இந்தச் சுழற்சியைக் கட்டுக்குள் வைத்தார்கள். தங்கள் அமைப்பில் வகைகள் மதிப்புகளைச் சார்ந்திருப்பதையெல்லாம் அழித்துவிட்டால் மிஞ்சுவது ஏற்கெனவே ஆராயக்கூடிய எளிய அமைப்பு என்று காட்டினார்கள். அதில் தற்சுழற்சி நேர்மறை இடங்களில் மட்டுமே வரும். அங்கே எல்லாக் கணக்கும் முடிவடையும் என்பதால் இங்கேயும் முடிவடையும். மறக்கக்கூடாத இன்னொன்று, அவர்களுடைய மதிப்புகளில் வகைக் குறிப்புகள் இல்லை. அதனால்தான் மடித்தலும் விரித்தலும் நிரலில் தடம் விடாமல் நடக்கின்றன.

சார்ந்த இணையை (இரண்டாம் பாதியின் வகை முதல் பாதியின் மதிப்பைச் சார்ந்திருக்கும் சோடியை) கொண்டு இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி எழும். எண்ணையும், அந்த எண்ணுக்குத் தொகுத்தறிதல் உண்டு என்ற சான்றையும் ஒரு சோடியாகக் கட்டலாம். ஆனால் சான்று பேசுவது சோடியின் முதல் பாதியைப் பற்றி. நமக்கு வேண்டியது சோடி முழுவதையும் பற்றியது. ஒரு படி தள்ளியே நிற்கும். இரண்டு பாதிகளும் ஒரே மதிப்பாக இருந்தால் அந்த இடைவெளி மறையும். அலெக்ஸெய் கொபிலோவ் 2003-இல் முன்வைத்த சார்ந்த வெட்டு வகை அதைத்தான் சொல்கிறது: ஒரே மதிப்புக்கு முதல் வகையும், அந்த மதிப்பையே சார்ந்த இரண்டாம் வகையும் உண்டு. ஸ்டம்ப் பின்னர் சீடில் மொழியை அதன்மேல் கட்டினார். 2018-இல் வந்த அவருடைய கட்டுரை தொகுத்தறிதலை அதிலிருந்தே வருவிக்கிறது. வகை தன்னையே குறிப்பிட வேண்டிய சுழல் அங்கே தேவைப்படவில்லை என்பதால், நம்பகத்தன்மை என்று வந்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். எழுதிப் புரிந்துகொள்ள ‘தான்’ எளிது.

அன்றாட நிரூபண வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை. லீனின் தொகுமுறை வகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். மொழியின் கருவைச் சில நூறு வரிகளில் அடக்க நினைப்பவர்களுக்குத்தான் ‘தான்’ வகை ஆசை காட்டுகிறது. விக்டர் டேலினின் ஃபார்மாலிட்டி, கைண்ட் ஆகிய மொழிகள் அந்த ஆசையில் பிறந்தவை.

7. மீண்டும் ஸ்காலாவுக்கு

ஸ்காலாவின் ‘நான்: இருக்கைக்கணக்கு’ என்பதும் ‘தான் ம . வ’ என்பதும் பெயரால் மட்டுமே உறவினர்கள் என்று முதல் பகுதியில் விட்டுவந்தேன். அது முழு உண்மை அல்ல.

ஸ்காலாவின் கருவை விளக்க 2016-இல் நாடா அமின், ஓடர்ஸ்கி உள்ளிட்டோர் வெளியிட்ட ‘டாட்’ என்ற கணிதமுறையில், பொருள்களுக்குத் தற்சுட்டு வகை ஒன்று உண்டு. ஒரு பொருளின் வகை உறுப்புகள் அந்தப் பொருளையே பெயர் சொல்லிக் குறிக்கலாம். பெட்டகம் தன் சொந்தச் சாவியைக் குறிப்பிடுவதுபோல. அதற்கான விதிகளைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மாறிக்கு, அதன் பெயரையே உள்ளே வைத்த வகை உண்டென்றால் தற்சுட்டு வகையும் உண்டு. தற்சுட்டு வகை உண்டென்றால் பெயரை உள்ளே வைத்த வகையும் உண்டு. மடித்தல், விரித்தல் – அச்சு அசல் அதே சோடி.

வேறுபாடு, எதை உள்ளே வைக்கலாம் என்பதில் இருக்கிறது. டாட்டில் வைக்கக்கூடியது பெயர் மட்டும். ஃபூ–ஸ்டம்ப் அமைப்பில் எந்த மதிப்பும் வைக்கலாம், அது வகைக்குள்ளேயே கணக்கிடவும் படும். ‘மறுப்பு (மறுப்பு மெய்)’ என்பது தானாகச் சுருங்கி ‘மெய்’ ஆனதால்தான் நம் ஒருவரி நிரூபணம் நின்றது. பெயர்கள் சுருங்குவதில்லை. ஆகவே டாட்டில் தன்னைச் சுட்டலாம், தன்னைப் பற்றி நிரூபிக்க முடியாது.

8. நீங்களே எழுதிப் பாருங்கள்

பட்டியலுக்கான ‘தான்’ வகையைத் தாளில் எழுதுங்கள். ‘வெறுமை’, ‘முன்சேர்’ எனப் பட்டியலை உருவாக்கும் இரண்டு ஆக்கிகள். நான் பார்த்த வரையில் தடுமாற்றம் ஒரே இடத்தில்தான் வரும்: முன்சேர் கிளையில் தலைக்கும் வாலுக்கும் பெயர் கொடுத்துவிட்டு, முடிவில் ‘பண்பு வால்’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே வர வேண்டியது ‘பண்பு (முன்சேர் தலை வால்)’. கடைசித் துண்டு மட்டுமே ‘பண்பு தான்’ என்ற இடத்தில் நிற்கும். எழுதி முடித்ததும் அடுத்தது என்பதைச் சரிபார்த்தது போலவே முன்சேரையும் ஒரு முறை விரித்து மடித்துப் பாருங்கள். பெயர்களை மாற்றினால் அதே வாக்கியங்கள்தான் வரும்.